படைத் தலைவர்களை வளர்த்த ஆசான் - சில்வானஸ் தேயர்

படை என்றதும் நம் கண்முன் வந்து நிற்பவை துப்பாக்கியும் பீரங்கியும் மிடுக்கான அணிவகுப்பும்தாம். ஆனால் வள்ளுவப் பெருந்தகை படைமாட்சி, படைச்செருக்கு என்று இரண்டு அதிகாரங்களை வகுத்தபோது, ஆயுதங்களைக் காட்டிலும் வீரனின் உள்ளத்தைப் பற்றியே மிகுதியாகப் பேசினார். அது பொருத்தமே. நூறு பேரின் உயிர் ஓர் அதிகாரியின் வாய்ச்சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கும். பாலம் உறுதியாக இருக்கிறதென்று அவர் சொன்னால் நூறு பேரும் அதன்மேல் நடப்பார்கள். அந்தச் சொல் பொய்யானால் அத்தனை பேரும் ஆற்றோடு போவார்கள்.

அப்படியானால், பதினாறு பதினெட்டு வயதில் வீட்டை விட்டு வரும் ஓர் இளைஞனை, சொன்ன சொல் தவறாத தலைவனாக எப்படி உருவாக்குவது? உண்மையும் கடமையும் பாடமாகக் கற்பிக்கக் கூடியவையா? இந்தக் கேள்வியோடு பதினாறு ஆண்டுகள் வாழ்ந்த ஓர் ஆசானின் வரலாற்றை இங்கே காண்போம். அமெரிக்க நாட்டு வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியின் தந்தை என்று போற்றப்படும் சில்வானஸ் தேயரே அவர்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிரெயின்டிரீ என்னும் ஊரில் 1785-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் தேயர் பிறந்தார். தந்தை நத்தானியேல், தாய் டார்க்கஸ். எட்டு வயதிலேயே பெற்றோரைப் பிரிந்து, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இருந்த தாய்மாமன் அசரையா ஃபாக்சனின் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அமெரிக்க விடுதலைப் போரில் கலந்துகொண்டவர் அந்த மாமன். அவரால், அதே போரில் ஈடுபட்ட பெஞ்சமின் பியர்ஸ் என்பவரின் அறிமுகமும் சிறுவனுக்குக் கிடைத்தது.

1803-இல் தேயர் டார்ட்மவுத் கல்லூரியில் சேர்ந்தார். 1807-இல் வகுப்பின் முதல் மாணவராகத் தேறினார். பட்டமளிப்பு நாளில் முதல் மாணவர் விடை பெறும் உரை நிகழ்த்துவது அங்கே பெரிய பெருமை. ஆனால் தேயர் அதற்குக் காத்திருக்கவில்லை. பியர்சின் பரிந்துரையால், குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் அவரை வெஸ்ட் பாயிண்டில் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டிருந்தார். மேடையையும் கைதட்டலையும் விட்டுவிட்டு இளைஞர் ஹட்சன் ஆற்றங்கரைக்குப் புறப்பட்டார். ஒரே ஆண்டில், 1808-இல், அங்கேயும் தேர்ச்சி பெற்று இரண்டாம் லெப்டினன்ட் ஆனார்.

1812-இல் இங்கிலாந்தோடு போர் மூண்டது. வர்ஜீனியாவில் நார்ஃபோக் துறைமுகத்தின் அரண்களை அமைக்கும் பணியில் திறம் காட்டி மேஜர் என்னும் சிறப்புப் பதவியையும் தேயர் பெற்றார். அந்தப் போர் அமெரிக்கப் படையின் குறைகளையும் வெளிப்படுத்திவிட்டது. துணிவுள்ளோர் இருந்தனர், பயிற்சி பெற்ற அதிகாரிகளோ போதவில்லை. எனவே 1815-இல் தேயரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகள் அங்கே தங்கி, பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற பாலிடெக்னிக் கல்லூரியின் முறைகளை அருகிருந்து கற்றார். 5,000 டாலர் செலவில் ஏறத்தாழ ஆயிரம் நூல்களையும், நிலப்படங்களையும் வாங்கி வந்தார். பிற்காலத்தில் அந்நாட்டுப் பொறியியல் கல்விக்கே அவை அடித்தளமாயின.

கலைந்து கிடந்த கல்லூரி

1817-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் மன்றோ, தேயரை வெஸ்ட் பாயிண்டின் தலைமைப் பொறுப்பில் அமர்த்தினார். அப்போது அவருக்கு வயது 32. 1802-இல் தொடங்கப்பட்ட கல்லூரிதான் என்றாலும், அதன் நிலை வருந்தத்தக்கதாக இருந்தது. மாணவர்களில் மிகச் சிறுவரும் இருந்தனர், மணமானவரும் இருந்தனர். நினைத்தபோது வந்தார்கள், நினைத்தபோது போனார்கள். ஒழுங்கான தேர்வு கிடையாது. தலைவருக்கு வேண்டியவர்களுக்கு ஒரு நீதி, மற்றவர்களுக்கு வேறு நீதி.

முந்தைய தலைவரான கேப்டன் ஆல்டன் பார்ட்ரிட்ஜ் பதவியை இழந்ததைப் பொறுக்காமல் சில வாரங்களில் திரும்பி வந்தார். தாமே தலைவர் என்று கூறி அதிகாரத்தைக் கைப்பற்றிக்கொண்டார். மாணவர் பலர் அவர் பக்கம் ஆரவாரம் செய்தனர். தேயர் நினைத்திருந்தால் அங்கேயே மல்லுக்கு நின்றிருக்கலாம். அவரோ மாணவர் முன்னிலையில் ஒரு வார்த்தை கூடச் சண்டையிடாமல் நியூயார்க் சென்று, நடந்ததை மேலதிகாரிகளுக்கு அறிவித்தார். மேலிடத்து ஆணை வந்தது. பார்ட்ரிட்ஜ் இராணுவ நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். தேயர் தம் இடத்துக்கு அமைதியாகத் திரும்பினார். தம்மை அடக்கத் தெரிந்தவரே பிறரை அடக்கி ஆள முடியும் என்பது, மாணவர்கள் அவரிடம் கற்ற முதல் பாடமாக இருந்திருக்க வேண்டும்.

அன்றாடப் பாடம், அன்றாடச் சோதனை

தேயர் கொண்டுவந்த முறை எளியது. ஆனால் கடினமானது. பெரிய வகுப்புகளைக் கலைத்து, பன்னிரண்டு பேர் அளவிலான சிறு குழுக்களாகப் பிரித்தார். ஒவ்வொரு மாணவரும் பாடத்தை முன்னதாகவே தாமே படித்துவிட்டு வரவேண்டும். வகுப்பில் கரும்பலகை முன் நின்று, படித்ததை விளக்கிக் காட்ட வேண்டும். ஆசிரியர் அன்றன்றே மதிப்பெண் இடுவார். பின்வரிசையில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை. பிரான்சிலிருந்து வந்திருந்த கிளாடியஸ் குரோசே போன்ற பேராசிரியர்கள் இதற்குத் துணை நின்றனர்.

ஜனவரியிலும் ஜூனிலும் பொதுத் தேர்வுகள் நடந்தன. ஜூன் தேர்வைக் காண நாட்டின் பெரியோர்கள் அழைக்கப்பட்டனர். தகுதி வரிசைப் பட்டியல் வெளியிடப்பட்டது. செனட்டரின் மகனாயினும் உழவனின் மகனாயினும் பட்டியலில் அவனவன் உழைப்புக்கேற்ற இடம்தான். முதலிடங்களில் தேறியவர்களே விரும்பிய படைப்பிரிவைப் பெற முடிந்தது.

செல்வர், வறியர் என்ற வேற்றுமையை ஒழிக்க அவர் செய்த ஏற்பாடு நம் கருத்தைக் கவர்கிறது. வீட்டிலிருந்து பணம் வரவழைக்கக் கூடாது என்று தடை செய்தார். அரசு தரும் சிறு ஊதியத்துக்குள் எல்லோரும் வாழ வேண்டும். அந்தப் பணமும் கையில் தரப்படவில்லை. கணக்கில் வைத்து, தேவைப்பட்ட பொருள்களைப் பெற்றுக்கொள்ளும் முறை இருந்தது. எல்லோருக்கும் ஒரே சீருடை, ஒரே உணவு, தரையில் விரித்த ஒரே வகை மெத்தை. மது, புகையிலை, சீட்டாட்டம் ஆகியவற்றுக்கு இடமில்லை. தவறுகளுக்குக் கரும்புள்ளிகள் இடப்பட்டன. கோடைக்காலத்தில் விடுதியை விட்டுக் கூடாரங்களில் தங்கிப் போர்ப் பயிற்சி பெற்றனர்.

நாள்தோறும் காலையில் ஒரு மணி நேரம் தேயரின் அலுவலக அறை மாணவர்களுக்குத் திறந்திருக்கும். குறையோ கோரிக்கையோ உடையவர்கள் உள்ளே போகலாம். போனவனின் கணக்கில் எவ்வளவு கடன் உள்ளது, சென்ற வாரம் எந்தப் பாடத்தில் தடுமாறினான், எத்தனை கரும்புள்ளிகள் பெற்றான் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். இவருக்கு மந்திரக் கண் உண்டோ என்று மாணவர்கள் வியந்தார்கள். உண்மையில் அவருடைய மேசையில், மாணவர் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில், சிறு சிறு அறைகள் இருந்தன. வாராந்தரக் குறிப்புகள் அவற்றில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. மந்திரம் எதுவும் இல்லை. ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாக அறிந்துவைக்க வேண்டும் என்ற அக்கறைதான் இருந்தது. நம் ஆசிரியைகளின் குறிப்பேடுகளைப் பார்த்து நாம் வியந்ததுண்டல்லவா?

வாய்மையே அடித்தளம்

அக்கல்லூரியில் அறநூலும் ஒரு பாடமாக இருந்தது. சிற்றாலயத்துக் குருவானவரே புவியியல், வரலாறு, அறநெறி ஆகியவற்றுக்குப் பேராசிரியராகவும் இருந்தார். ஆனால் நூலறிவை விட நடைமுறையே பெரிதெனத் தேயர் கருதினார். ஒரு மாணவன் தன் வாயால் ஒன்றைச் சொன்னால் அதை அப்படியே ஏற்பது அங்கே மரபாயிற்று. சாட்சி கேட்பதில்லை. அந்த நம்பிக்கையைப் பயன்படுத்திப் பொய் சொன்னவன் அதிகாரியாகத் தகுதியற்றவன் என்று எண்ணப்பட்டான்.

சற்றே எண்ணிப் பார்ப்போம். நம்மை யாரும் நம்பாத இடத்தில் பொய் சொல்வது எளிது. ஐயப்படுபவரை ஏமாற்றுவதில் ஒரு விளையாட்டு இன்பம் கூடத் தோன்றலாம். ஆனால் நம் சொல்லை அப்படியே நம்பிவிடுகிற ஒருவரிடம் பொய் சொல்ல நா கூசும். அந்தக் கூச்சத்தைத்தான் தேயர் வளர்த்தார். பொய், திருட்டு, ஏமாற்று ஆகியவற்றை விலக்கும் கட்டுப்பாடு எழுதப்பட்ட விதியாக அமைந்ததும், மாணவர்களே அதைக் காக்கும் குழு 1922-இல் ஏற்பட்டதும் பிற்கால வளர்ச்சி. விதை தேயர் காலத்தது.

சோதனைகள்

இவ்வளவு கண்டிப்பான இடத்தில் எதிர்ப்பு எழாமல் இருக்குமா? 1818 நவம்பரில் பெரிய சோதனை வந்தது. மாணவர்களின் பயிற்சித் தலைவராக இருந்த கேப்டன் பிளிஸ் முன்கோபி. அணிவகுப்பில் ஒரு மாணவனின் சட்டையைப் பிடித்து இழுத்து உலுக்கிவிட்டார். மாணவர்கள் கொதித்தெழுந்தனர். ஏறத்தாழ 180 பேரின் சார்பில் ஐந்து மாணவர்கள் எழுத்து மூலம் முறையீடு கொண்டுவந்தனர்.

ஒருவர் தமக்கு நேர்ந்த குறையைத் தாமே வந்து கூறலாம், படைவீரர் கூட்டமாகச் சேர்ந்து மேலதிகாரியை எதிர்ப்பது கலகம் என்பது தேயரின் முடிவு. ஐந்து பேரையும் கல்லூரியை விட்டு வெளியேற்றினார். வழக்கு வாஷிங்டன் வரை சென்றது. படைத்துறைச் சட்டம் மாணவர்களையும் கட்டுப்படுத்தும் என்று தலைமை வழக்கறிஞர் தீர்ப்புரைத்தார். நாடாளுமன்றமும் தலையிட மறுத்தது.

இந்த நிகழ்ச்சியைப் படிக்கும்போது நம் மனம் அந்த ஐவருக்காக வருந்துகிறது. அவர்கள் கூறிய குறை உண்மையானதுதானே? தேயரும் அதை உணர்ந்திருந்தார் என்று கொள்ள இடமுண்டு. ஏனெனில் 1819-இல் பிளிஸ் அப்பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார். அடுத்த ஆண்டு அந்த இடத்துக்கு வந்த வில்லியம் வொர்த், மாணவரை மரியாதையோடு நடத்தியே கீழ்ப்படிய வைத்தார். கீழ்ப்படிதலைக் கேட்கும் உரிமை, கீழே உள்ளவரின் தன்மானத்தைக் காக்கும் கடமையோடு சேர்ந்தே வருகிறது. பெற்றோரும் ஆசிரியரும் மூத்த மாணவியரும் மறக்கக் கூடாத பாடம் இது.

1826-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் வேறொரு குழப்பம். தடையை மீறி மதுவை ஒளித்துக் கொண்டுவந்த மாணவர்கள், முட்டையும் பாலும் கலந்த பானத்தில் அதைச் சேர்த்துக் குடித்துவிட்டுச் சன்னல்களை உடைத்தனர். அதிகாரிகளையும் தாக்கத் துணிந்தனர். விடிந்தபோது திருநாள் வெட்கத்திருநாளாக இருந்தது. பத்தொன்பது பேர் இராணுவ நீதிமன்றத்தில் நின்றனர்.

கண்டிப்பு மட்டுமே உடையவராக நாம் அவரை எண்ணிவிடக் கூடாது. பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் எட்கர் ஆலன் போ, 1830-இல் அங்கே மாணவராகச் சேர்ந்தார். படைவாழ்க்கை அவருக்கு ஒத்துவரவில்லை. வேண்டுமென்றே கடமைகளைப் புறக்கணித்து 1831-இல் வெளியேற்றப்பட்டார். ஆனாலும் அவருடைய கவிதை நூலை அச்சிட மாணவர்கள் தம் ஊதியத்திலிருந்து பணம் தரத் தேயர் இசைந்தார். நூற்றுக்கு மேற்பட்ட மாணவர்கள் உதவினர். போ அந்நூலை அவர்களுக்கே காணிக்கையாக்கினார். ஆசிரியர்களைக் கேலி செய்யும் பாடல்கள் அதில் இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள் என்பது சுவையான செய்தி!

அமைதியான விடை

ஆண்ட்ரூ ஜாக்சன் குடியரசுத் தலைவரான பின் தேயருக்கு இன்னல் தொடங்கியது. ஒழுங்கு தவறி வெளியேற்றப்பட்ட மாணவர்கள் வாஷிங்டனுக்குச் சென்று முறையிட்டனர். ஜாக்சன் அவர்களைத் திரும்பச் சேர்க்கும்படி ஆணையிட்டார். ஹிக்கரி மரம் ஜாக்சனின் அரசியல் சின்னம் போன்றது. ஒரு மாணவன் இரவோடு இரவாக அணிவகுப்புத் திடலில் ஹிக்கரி மரத்தை நட்டு வைத்தான். அவனும் நீக்கப்பட்டு, மீண்டும் சேர்க்கப்பட்டான். செல்வாக்கு உள்ளவனுக்குத் தண்டனை இல்லை என்றால், மற்றவனுக்கு மட்டும் எந்த முகத்தோடு தண்டனை தருவது?

தேயர் பத்திரிகைகளில் எழுதவில்லை. மாணவரைத் தூண்டிவிடவில்லை. 1833-இல் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். வழியனுப்பு விழா எதுவும் வேண்டாம் என்றிருந்தார். ஒருநாள் மாலை வழக்கம்போல் ஆற்றுத் துறைக்கு உலாவச் சென்றவர், அங்கிருந்த அதிகாரிகளின் கைகளைப் பற்றிக் குலுக்கிவிட்டு நீராவிப் படகில் ஏறிக்கொண்டார் என்று கூறுவர். அவர் போய்விட்டார் என்பதை உணரவே மற்றவர்களுக்குச் சற்று நேரமாயிற்று. அதன்பின் அவர் உயிரோடிருந்த நாளில் வெஸ்ட் பாயிண்டுக்குத் திரும்பவே இல்லை.

அடுத்த முப்பது ஆண்டுகள் பாஸ்டன் துறைமுகக் கோட்டைகளைக் கட்டுவதில் கழிந்தன. 1863-இல் ஓய்வு பெற்றார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை. சிக்கனமாகச் சேர்த்த செல்வத்தைக் கல்விக்கே வழங்கினார். 1867-இல் டார்ட்மவுத் கல்லூரியில் பொறியியல் பள்ளி தொடங்க வழிசெய்தார். அதற்கு அவர் அளித்த மொத்தத் தொகை 70,000 டாலர். பிறந்த ஊரில் ஒரு நூலகமும் ஒரு பள்ளியும் அவர் கொடையால் எழுந்தன. பட்டமளிப்பு மேடையை விட்டுவந்த கல்லூரியை அவர் மறக்கவில்லை. 1872 செப்டம்பர் 7-ஆம் நாள் தம் 87-ஆம் வயதில் பிரெயின்டிரீயிலேயே இயற்கை எய்தினார்.

ஒரு கேள்வி

இங்கே வரலாற்றை முடித்துவிடலாம். ஆனால் நேர்மையைப் போற்றும் கட்டுரையில் கசப்பான உண்மையை மறைப்பது தகாது.

1861-இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்து சென்ற தென் மாநிலங்களின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ் தேயரிடம் பயின்றவர். அவர்களுடைய தளபதி ராபர்ட் லீ, நான்கு ஆண்டுகளில் ஒரு கரும்புள்ளி கூடப் பெறாமல் 1829-இல் இரண்டாம் இடத்தில் தேறியவர். வெஸ்ட் பாயிண்ட் மாணவர் பலர் வடக்கே நின்றனர், பலர் தெற்கே நின்றனர். ஒரே வகுப்பறையில் படித்தவர்கள் களத்தில் எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்டனர். முதியவரான தேயர் இதையெல்லாம் உயிரோடிருந்து கண்டார்.

ஒரு கரும்புள்ளியும் இல்லாத மாணவர் எப்படி அந்தப் பக்கம் நின்றார்? மனிதரை மனிதர் விலைக்கு வாங்கும் கொடுமையை அக்கல்லூரியின் அறப்பாடம் ஏன் தடுக்கவில்லை? பொய் சொல்லாதிருப்பதும் நேரம் தவறாதிருப்பதும் ஆணைக்குப் பணிவதும் நற்பண்புகளே. ஆனால் எதற்காகப் பணிகிறோம், யாருடைய கண்ணீரின் மேல் நிற்கிறோம் என்று கேட்கும் மனச்சான்று இல்லாவிட்டால் அவை பாதி அறமாகவே நின்றுவிடும்.

1877-ஆம் ஆண்டில் தேயரின் உடலை வெஸ்ட் பாயிண்டுக்குக் கொண்டுவந்து மரியாதையோடு அடக்கம் செய்தனர். அதே ஆண்டில்தான், அடிமையாகப் பிறந்த ஹென்றி ஃபிளிப்பர் அக்கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் கறுப்பின மாணவர் ஆனார். படித்த காலம் முழுவதும் உடன் பயின்ற வெள்ளையர்கள் அவரோடு பேசாமல் ஒதுக்கியே வைத்திருந்தனர். பொய் சொல்லக் கூசிய மாணவர்களுக்கு ஒரு தோழனை ஒதுக்கி வைக்கக் கூசவில்லை. நம் வகுப்பில் யாரும் பேசாத ஒரு தோழி இருக்கிறாளா என்று இந்த இடத்தில் நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

வாய்மையும் ஒருமுறை கற்றால் என்றைக்கும் நிலைக்கும் சொத்தன்று. 1951-இலும் 1976-இலும் அதே கல்லூரியில் தேர்வு முறைகேடுகள் வெளிவந்து, பலர் வெளியேற நேர்ந்தது. ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. அந்த 1976-ஆம் ஆண்டில்தான் முதன்முதலாகப் பெண்களும் அங்கே பயிற்சிக்குச் சேர்க்கப்பட்டனர். 119 பேர் சேர்ந்து, 62 பேர் 1980-இல் அதிகாரிகளாக வெளிவந்தனர். நம் சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சிக் கழகத்திலும் 1992 முதல் பெண்கள் பயிற்சி பெற்று வருகின்றனர். ஆகவே இது நமக்குத் தொடர்பில்லாத கதையன்று.

முடிவுரை

தேயர் மறைந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. சிறு வகுப்பும், முன்னதாகப் படித்து வருதலும், கரும்பலகை முன் நின்று விளக்குதலும் இன்றும் வெஸ்ட் பாயிண்டில் அவர் பெயரால் வழங்குகின்றன. பெரிய போர் எதையும் வென்று அவர் புகழ் பெறவில்லை. நாள்தோறும் காலையில் கதவைத் திறந்து வைத்து, வந்த பிள்ளையின் சொல்லை நம்பியதே அவர் செய்த பெரிய செயல்.

சீருடை அணிவோரெல்லாம் படைக்குப் போவதில்லை. ஆயினும் நம்மில் பலர் நாளை செவிலியராகவும் ஆசிரியையாகவும் அதிகாரியாகவும் தாயாகவும் சிலருக்கேனும் தலைமை தாங்கத்தான் போகிறோம். நம் சொல்லை நம்பி யாரோ ஒருவர் பாலத்தில் கால் வைக்கப் போகிறார். தேர்வு அறையில் ஆசிரியை முதுகைத் திருப்பும் அந்த ஒரு நிமிடத்தில்தான் அதற்கான பயிற்சி தொடங்குகிறது. தேயரிடமிருந்து வாய்மையைக் கற்போம். அவருடைய மாணவர் சிலர் தவறவிட்ட இரக்கத்தையும் நீதியையும் அதனோடு சேர்த்துக் கற்று, முழு மனிதராக வளர்வோமாக!